கதிரும் விதையும் ஒரே தாளில்

சீனப் பள்ளிகளில் செப்டம்பர் 1ஆம் தேதி புது வகுப்பு தொடங்குகிறது. இலையுதிர்காலமும் அதை ஒட்டியே வருவதால், பிள்ளைகள் கையில் வண்ணப் பென்சிலோடு உட்கார்ந்து 'ஷோவ்ச்சாவ்பாவ்' செய்வார்கள். தலைப்பு எழுதி, பத்தி பிரித்து, கரை போட்டு, படம் வரைந்து ஒரே தாளில் உருவாக்கும் கையெழுத்துச் செய்தித்தாள் அது. இலையுதிர்காலப் பருவக்குறிகளும் அறுவடையும் அதற்கு உகந்த தலைப்பு. சிவந்த இலை, பொன்னிற நெற்கதிர், மக்காச்சோளம், பூசணி என்று வரைந்தால் தாள் அழகாகத்தான் இருக்கும். ஆனால் இந்தத் தலைப்புக்குள் இருக்கும் அறிவியல் அந்த அழகைவிடப் பெரியது. அதுவும் தாளில் ஏற வேண்டும்.

முதலில் வரைய வேண்டியது ஒரு வட்டம். ஓராண்டில் சூரியன் வானில் கடப்பதாகத் தோன்றும் பாதை 360 பாகை. அதில் 15 பாகைக்கு ஒரு புள்ளி வைத்தால் 24 பருவக்குறிகள் கிடைக்கும். அவற்றில் ஆறு இலையுதிர்காலத்துக்கு உரியவை. ஆகஸ்ட் 7 வாக்கில் சூரியன் 135 பாகையில் இருக்கும்போது லிச்சியூ, அதாவது இலையுதிர்காலத் தொடக்கம். அடுத்து வெப்பம் ஓயும் சூஷு, வெண்பனித்துளியான பாய்லு, செப்டம்பர் 23ஐ ஒட்டி 180 பாகையில் சமஇரவு நாளான சியூஃபன், குளிர்பனித்துளியான ஹான்லு, அக்டோபர் 23 வாக்கில் உறைபனி இறங்கும் ஷுவாங்ஜியாங். கி.மு. 139இல் பேரரசர் வூவிடம் அளிக்கப்பட்ட 'ஹுவாய்னான்சி' நூலிலேயே 24 பெயர்களும் முழுமையாக இருக்கின்றன. 2016இல் யுனெஸ்கோ இந்த அறிவைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

புள்ளிகளைச் சம இடைவெளியில் வைத்துவிட்டு நாட்களையும் சமமாக எழுதினால் தவறாகிவிடும். பூமி ஜூலைத் தொடக்கத்தில் சூரியனிலிருந்து மிகத் தொலைவில் இருப்பதால் மெதுவாகவும், ஜனவரித் தொடக்கத்தில் மிக அருகில் இருப்பதால் வேகமாகவும் ஓடுகிறது. அதனால் கோடையில் ஒரு குறிக்கும் அடுத்த குறிக்கும் இடையே 15 நாட்களுக்கு மேல் ஆகிறது. குளிர்காலத்தில் 15 நாட்கள் நிறைவதில்லை. முன்பு ஆண்டின் நாட்களை 24ஆகச் சமமாகப் பங்கிட்டார்கள். 1645இல் நடைமுறைக்கு வந்த சிங் அரசின் நாட்காட்டியில்தான் சூரியனின் உண்மையான இருப்பைக் கொண்டு குறிகள் கணிக்கப்பட்டன. அதைச் சீர்திருத்தியவர் ஜெர்மானியப் பாதிரியார் ஆடம் ஷால்.

நம் தமிழ் மாதங்களும் சூரியனை வைத்துத்தான் பிறக்கின்றன. ஆனால் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை அடிப்படையாகக் கொண்டு கணக்கிடுகிறது. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் சீனக் கணக்கும் நம் கணக்கும் இப்போது ஏறத்தாழ 24 பாகை விலகி நிற்கின்றன. சீனர்களின் சமஇரவு செப்டம்பர் 23இல் வர, அதே 180 பாகையை நட்சத்திரக் கணக்கில் குறிக்கும் நமது ஐப்பசி அக்டோபர் 17 வாக்கில் பிறப்பது இதனால்தான்.

இனி வயலுக்கு வருவோம். பருவக்குறிகள் மஞ்சள் ஆற்றுப் படுகையில் பிறந்தவை. சீனாவோ பரந்த நாடு. ஒரே நாளில் வடக்கே ஹெய்லோங்ஜியாங்கில் ஒரு வேலை நடக்கும், தெற்கே குவாங்டாங்கில் வேறொரு வேலை நடக்கும். தெற்கில் ஹுனான், ஜியாங்சி பகுதிகளில் லிச்சியூவுக்குள் முன்பருவ நெல்லை அறுத்து, பின்பருவ நாற்றை நட்டு முடிக்க வேண்டும். கொளுத்தும் வெயிலில் இரண்டையும் ஓட்டமாகச் செய்கிறார்கள். நடவு பிந்தினால் பூக்கும் நேரத்தில் வடக்கிலிருந்து இறங்கும் குளிர்காற்று பயிரைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு 'ஹான்லு காற்று' என்றே பெயர். குளிரில் மகரந்தம் செயலிழந்தால் மணி பிடிக்காது. கதிர் முழுக்கப் பதராகிவிடும்.

வட சீனச் சமவெளியில் கதை வேறு. அங்கே மக்காச்சோளத்தை அறுத்த வயலிலேயே குளிர்கால கோதுமையை விதைக்கிறார்கள். வெண்பனித்துளியில் விதைத்தால் சீக்கிரம், குளிர்பனித்துளியில் தாமதம், சமஇரவே சரியான நேரம் என்பது அங்குள்ள உழவர்களின் பழைய கணக்கு. முந்தி விதைத்தால் பயிர் குளிருக்கு முன்பே மிதமிஞ்சி வளர்ந்து உறைபனியில் அடிபடும். பிந்தினால் தூர் கட்டுவதற்குள் குளிர் வந்துவிடும். அதே சமயம் கோதுமைக்குக் குளிர் வேண்டும். சில வாரக் குளிரைக் கடந்தால்தான் அது பூக்கத் தயாராகும். தாவரவியலில் இதைத் தட்பப்பதனம் என்கிறோம். அறுவடை அடுத்த ஜூனில்.

தாளில் இடம்பெற வேண்டியவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தக் கோதுமைதான். குளிர்காலம் மிதமாகிவருவதால் அச்சமவெளியின் பல இடங்களில் விதைப்பு அக்டோபருக்குத் தள்ளிப்போயிருக்கிறது. சூரியன் 180 பாகையை அடையும் நாள் மாறவில்லை; விதைக்கும் நாள் மாறிவிட்டது. வானக் கணக்கையும் வயல் கணக்கையும் இரண்டு தனி வரிசைகளாக ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்தால், பருவநிலை மாற்றம் என்றால் என்னவென்று பத்து வயதுப் பிள்ளைக்கும் பார்த்தவுடன் விளங்கும்.

கடைசிக் கட்டத்தில் உறைபனி. ஷுவாங்ஜியாங்குக்குள் சர்க்கரைவள்ளிக்கிழங்கைத் தோண்டி எடுத்துவிட வேண்டும். குளிர்ந்த மண்ணில் அது அழுகிவிடும். கீரையும் முட்டைக்கோசும் உறைபனி பட்ட பிறகு இனிக்கும். குளிரைத் தாங்க அவை தம் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. சர்க்கரை கூடினால் செல்நீர் உறையும் வெப்பநிலை கீழிறங்கும். உறைபனி படிந்த ஒரு கீரை இலையை வரைந்து, பக்கத்தில் இதை எழுதலாம்.

2018இலிருந்து சியூஃபன் நாளைச் சீன அரசு உழவர் அறுவடைத் திருநாளாகக் கொண்டாடுகிறது. அதற்காகச் செய்யும் தாளில் தலைப்புக்குக் கீழேயே எந்த மாகாணம் என்று எழுதச் சொல்லுங்கள், ஆசிரியர்களே. அறுத்த கதிருக்குப் பக்கத்தில் விதைத்த கோதுமைக்கும் இடம் விடச் சொல்லுங்கள். விதைத்த நாளை இணையத்தில் பார்த்து எழுதாமல், அந்த ஊரில் விதைத்தவரிடமே கேட்டு எழுதிவரட்டும்.