ஆனிக் கடல் வேறு, மாசிக் கடல் வேறு

பாட்காஸ்ட் தொடங்கப் போகிறேன் என்று வரும் இளம் நிருபர்கள் முதலில் கேட்பது மைக் என்ன விலை என்றுதான். நான் அவர்களை விடிகாலை ஏல நேரத்தில் குளச்சல் துறைமுகத்துக்கு வரச் சொல்வேன். கையில் இருக்கும் செல்போனே போதும், காதில் மட்டும் நல்ல ஹெட்போன் வேண்டும். மாட்டியதும் முகம் மாறும். ஏலம் கூறுபவரின் குரலோடு ஐஸ் உடைக்கிற சத்தம், பெட்டி இழுபடுவது, டெம்போ ஹாரன், காணிக்கை மாதா கோயில் மணி எல்லாம் ஒரே கனத்தில் வந்து மோதும். நம் காது வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொள்ளும். மைக்குக்கு அந்த வித்தை தெரியாது.

அதனால் முதல் பாடம், கிட்டப் போவது. பேசுகிறவரின் வாயிலிருந்து ஒரு சாண் தூரம், நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில். நேராக வைத்தால் ஒவ்வொரு ‘ப’வும் குண்டு வெடிப்பதுபோல் விழும். செல்போனை ஃபிளைட் மோடில் போடுங்கள். ஒலி அளவு முள் உச்சத்தில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏலக்காரர் திடீரென்று குரல் உயர்த்துவார், உச்சியில் கிழிந்த ஒலியைத் தைக்க முடியாது. காற்றும் அப்படித்தான். மைக்குக்கு ரோம உறை போடாமல் கச்சான் காற்றில் நின்று பேட்டி எடுத்தால், ஆடாசிட்டி மட்டுமல்ல, எந்த மென்பொருளும் அதை முழுதாக மீட்டுத் தராது. உறை இல்லையா, கரையேற்றிய வள்ளத்தின் மறைவில் உட்காருங்கள்.

குரலைத் தனியாக எடுங்கள், கடலைத் தனியாக எடுங்கள். பேட்டி முடிந்ததும் ஒருவரும் பேசாமல் அந்த இடத்தின் சத்தத்தை ஒரு நிமிடம் பதிந்துகொள்ளுங்கள். வெட்டி ஒட்டிய இடங்களின் தையல் தெரியாமல் மறைக்க அது உதவும். இதுவரை எல்லாரும் சொல்லித்தருவதுதான். எனக்குச் சொல்ல வேண்டியது இதற்குப் பிறகு இருக்கிறது.

எங்கள் கடப்புறத்துப் பெரியவர் ஒருவருக்கு, எந்தக் குறிப்பும் சொல்லாமல், அலைச் சத்தத்தை மட்டும் போட்டுக் காட்டினேன். “இது ஆனி மாசக் கடலுல்லா மக்கா. ஒரு அலை ஒடஞ்சு தீருததுக்குள்ள அடுத்தது வந்து விழுது, கேக்கல்லியா?” என்றார். சரியாகச் சொன்னார். இப்படிக் கேட்கத் தெரிந்தவர்கள் இருக்கும் ஊரில், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அலையோசையை இறக்கி மாசி மாதப் பேட்டிக்கு அடியில் ஓட்டுவது என்ன வேலை? வேறு ஊரின் புகைப்படத்தை இந்த ஊர்ச் செய்தியோடு அச்சிடுவதற்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஜூலையில் நடந்ததாகச் சொல்லும் காட்சியில் விசைப்படகு எஞ்சின் கேட்டால் குளச்சலில் சின்னப் பிள்ளையும் சிரிக்கும். ஒலியும் ஒரு தகவல்தான். தேதியைச் சரிபார்ப்பதுபோல் அதையும் சரிபார்க்க வேண்டும்.

குரலுக்கு இதைவிடக் கூடுதல் கவனம் வேண்டும். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயல் இந்தக் கரையில் எத்தனையோ வீடுகளைக் கலைத்தது. அப்படி ஒரு வீட்டில் பேட்டி எடுக்கும்போது பேச்சு நின்றுபோகும். எடிட்டிங்கில் ‘ம்’, ‘வந்து’ ஆகியவற்றை நான் வெட்டுவேன். அந்த நிறுத்தத்தை வெட்ட மாட்டேன். நிறுத்தத்துக்கு அடியில் வீணை வாசிப்பதும் கிடையாது. பெயரை மறைத்துவிட்டேன், போதும் என்றும் நினைக்காதீர்கள். அச்சில் பெயர் இல்லாவிட்டால் ஆள் தெரியாது. ஒலியில் ‘என்ன’ என்று ஒரு வார்த்தை பேசினாலே இன்னார் வீட்டு மருமகள் என்று தெரு முழுக்கச் சொல்லிவிடும். அடையாளம் மறைக்க வேண்டுமென்றால் அவர் சொன்னதை வேறொருவர் வாசிக்கட்டும், வாசிக்கிறார் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

இதற்கெல்லாம் பாட்காஸ்ட்தான் வேண்டுமா என்று கேட்கலாம். மீனவருக்கென்று வானொலி இல்லாமல் இல்லை. பாம்பனில் 2016 முதல் கடல் ஓசை 90.4 ஒலிபரப்பாகிறது. காற்று, அலை, வானிலை என்று கடலுக்குப் போகிறவருக்கு வேண்டியதைச் சொல்லும் சமுதாய வானொலி. ஆனால் நம் நாட்டில் சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி சொல்ல முடியாது. ஆகாசவாணிச் செய்தியை மாற்றாமல் அஞ்சல் செய்யத்தான் அனுமதி. ஒலிபரப்பு எல்லையும் சில கிலோமீட்டர்தான். பாட்காஸ்டுக்கு அலைவரிசை உரிமம் தேவையில்லை. ஹோஸ்டிங் தளம் ஒன்றில் ஏற்றி, அது தரும் ஆர்எஸ்எஸ் முகவரியை ஆப்பிள், ஸ்பாட்டிஃபையில் ஒருமுறை பதிந்துவிட்டால், பிறகு ஏற்றும் ஒவ்வொரு பகுதியும் தானே அங்கெல்லாம் போய்ச் சேரும். உள்ளூர் நிருபருக்கு இந்த வாசல் பெரிது.

கோப்பின் அளவைப் பற்றி யாரும் சொல்லித்தருவதில்லை. மூலப் பதிவை டபிள்யூஏவி வடிவில் வைத்துக்கொள்ளுங்கள், இருபது நிமிடம் 170 எம்பியைக்கூடத் தாண்டலாம், பரவாயில்லை. வெளியிடுவதை எம்பி3 மோனோவில், 64 கேபிபிஎஸ்ஸில் கொடுத்தால் அதே இருபது நிமிடம் 10 எம்பிக்குள் அடங்கும். பேச்சுக்கு அது தாராளம். நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கு தொழிலுக்குப் போகிறவர்களுக்குக் கரை மறைந்தால் சிக்னலும் மறையும். படகு கிளம்புமுன், ஐஸ் ஏற்றுகிற நேரத்தில் இறக்கிக்கொள்ள வேண்டும். அதனால் என் நிகழ்ச்சியை முந்தின நாள் இரவே ஏற்றி, வாட்ஸ்அப் குழுக்களிலும் கோப்பாகவே போட்டுவிடுகிறேன். எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே ஒரு சின்ன ஸ்பீக்கரில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து கேட்பார்கள்; ஆகவே கடைசியாக ஒலி அளவைச் சமன் செய்யும்போது மோனோவுக்கு மைனஸ் 19 எல்யூஎஃப்எஸ் என்ற பொது அளவைவிடக் கொஞ்சம் உரக்கவே வைக்கிறேன்.