அழைக்காமலே வந்தவர்கள்

சனிக்கிழமை காலை. வீட்டு அழைப்பு மணி அடிக்கிறது. கதவைத் திறந்தால், கையில் துண்டுப்பிரசுரத்தோடு இருவர் புன்னகையுடன் நிற்கிறார்கள். “ஐந்து நிமிடம் பேசலாமா?” என்று கேட்கிறார்கள்.

அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கும் நம்மில் பலருக்கு இது பழகிய காட்சிதான். தான் நம்புவதை அடுத்தவருக்கும் எடுத்துச் சொல்வது சில சமயங்களில் ஒரு கடமை. அந்தக் கடமையே இல்லாத சமயங்களும் உலகில் உண்டு. ஆள் சேர்க்கப் போகாத ஒரு சமயம் எப்படிப் பிழைக்கும்? இதற்கு விடை தேட ஐஸ்லாந்துக்குப் போய் வரலாம்.

போர்வைக்குள் ஒரு முடிவு

ஐஸ்லாந்தில் குடியேறிய வட ஐரோப்பியர்களில் பெரும்பாலோர் ஓடின், தோர், ஃப்ரேயா முதலிய தெய்வங்களை வணங்கியவர்கள். இப்படிப்பட்ட பழைய வழிபாட்டினரைக் கிறிஸ்துவ ஐரோப்பா ‘பேகன்’ என்று அழைத்தது. அதன் லத்தீன் மூலச்சொல்லுக்கு ‘நாட்டுப்புறத்தார்’ என்று பொருள்.

பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் நார்வே மன்னர் ஓலாஃப் டிரிக்வசன், ஐஸ்லாந்தை மதம் மாற்ற தாங்பிராண்ட் என்ற பாதிரியாரை அனுப்பினார். அவரோ தம்மைக் கேலி செய்து பாட்டுக் கட்டியவர்களைக் கொன்றுவிட்டுத் திரும்பினார். கோபமடைந்த மன்னர், நார்வேயில் இருந்த ஐஸ்லாந்தியர்களைத் தண்டிக்கப்போவதாக மிரட்டினார்.

பழைய சமயத்தாரையும் சாந்தசொரூபிகள் என்று சொல்லிவிட முடியாது. ஃப்ரேயாவைப் பழித்துப் பாடியதற்காக ஹியால்டி என்ற கிறிஸ்துவரை அவர்கள் நாடு கடத்தினார்கள். தம் தெய்வத்தைப் பழித்தால் அவர்களுக்கும் கோபம் வந்தது. ஆனால், எங்கள் தெய்வத்தைக் கும்பிடு என்று சொல்லிக் கடல் கடந்து யாரையும் அனுப்பியதில்லை.

கி.பி. 1000 வாக்கில் ‘அல்திங்’ எனும் பொதுச்சபை கூடியபோது, இனி ஒரே சட்டத்தின் கீழ் வாழ முடியாது என்று இரு தரப்பும் அறிவித்தன. முடிவெடுக்கும் பொறுப்பு சட்டம் ஓதுபவரான தோர்கெய்ரிடம் விடப்பட்டது. அவர் பழைய சமயத்தைச் சேர்ந்தவர். ஒரு பகலும் ஓர் இரவும் போர்வையை மூடிப் படுத்திருந்து, பிறகு எழுந்து தம் முடிவைச் சொன்னார். சட்டம் இரண்டானால் அமைதி போய்விடும்; எனவே எல்லாரும் திருமுழுக்குப் பெற வேண்டும் என்றார். பழைய தெய்வங்களுக்கு இரகசியமாகப் பலியிட மட்டும் அனுமதி இருந்தது. சில ஆண்டுகளில் அதுவும் பறிபோனது.

ஊர் பிளவுபடக்கூடாது என்பதற்காகத் தன் சமயத்தையே விட்டுக்கொடுத்தார் ஒருவர். அந்த விட்டுக்கொடுத்தலுக்கு அவர் சமயம் கொடுத்த விலை பெரியது.

ஆட்டுப் பண்ணையிலிருந்து மறுபடியும்

ஏறக்குறைய 970 ஆண்டுகள் கழிந்தன. 1972ஆம் ஆண்டு கோடையின் முதல் நாள் விழாவன்று, ஸ்வேன்பியோர்ன் பேன்டைன்சன் என்ற ஆட்டுப் பண்ணைக்காரரும் அவருடைய நண்பர்கள் சிலரும் ‘அசாத்ரு’ சங்கத்தைத் தொடங்கினார்கள். ஸ்வேன்பியோர்ன் மரபுப் பாட்டுகளை எழுதவும் பாடவும் தெரிந்த கவிஞர். நாட்டின் பிஷப் எதிர்ப்புத் தெரிவித்தார். ஆனாலும் 1973இல் அரசாங்கம் சங்கத்தை ஒரு சமய அமைப்பாகப் பதிவு செய்தது.

பதிவான சமய அமைப்புகளுக்கு ஐஸ்லாந்து அரசாங்கம் பணம் தருகிறது. 16 வயது நிறைந்த உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று கணக்கு. அப்படியானால் ஆள் கூடக் கூட வருமானமும் கூடும் அல்லவா? 2015இல் இதைப் பயன்படுத்திக்கொண்டது இன்னோர் அமைப்பு. பழைய சுமேரியத் தெய்வங்களின் பெயரைச் சொன்ன ‘ஸூயிசம்’, அரசாங்கம் தரும் பணத்தை உறுப்பினர்களுக்கே திருப்பித் தருவதாக அறிவித்தது. சில வாரங்களிலேயே 3,000க்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள்.

அசாத்ரு சங்கம் அந்த வழியில் போகவில்லை. மதப்பிரசாரம் செய்வதில்லை என்பது அவர்கள் கொள்கை. அவர்களுடைய ‘புளோட்’ விழாக்களுக்கு யாரும் வரலாம். பழைய பாடல்களை ஓதுகிறார்கள். பானம் நிறைந்த கொம்பைக் கைமாற்றித் தெய்வங்களையும் முன்னோரையும் நினைத்து அருந்துகிறார்கள். பிறகு விருந்து. விலங்குப் பலி கிடையாது. விருந்து முடிந்ததும், எங்களோடு சேர்ந்துவிடுங்கள் என்று வற்புறுத்துவதில்லை.

சில பத்துப் பேரோடு தொடங்கிய சங்கத்தில் இன்று 5,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள். 400,000 பேர்கூட இல்லாத நாட்டில் இது சிறிய எண்ணிக்கை அல்ல.

2003 முதல் சங்கத்தின் தலைமைப் பூசாரியாக இருப்பவர் ஹில்மார் ஓர்ன் ஹில்மார்சன். திரைப்பட இசைக்காக ஐரோப்பிய விருது பெற்ற இசையமைப்பாளர். எட்டுக்கால் குதிரையில் ஓடின் வருவதை அப்படியே நம்ப வேண்டியதில்லை, அவையெல்லாம் கவிதை உருவகங்கள் என்பது அவர் கருத்து. 2015இல் தலைநகர் ரெய்க்யவிக்கில் சங்கத்தின் கோயில் கட்டும் பணி தொடங்கியபோது, வெளிநாடுகளில் இருக்கும் அதே வழிபாட்டினர் சிலரிடமிருந்து வசைக் கடிதங்கள் வந்தன. ஒருபாலினத் திருமணங்களைச் சங்கம் நடத்தி வைப்பது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அடுத்தவரைத் திருத்தும் ஆசை பிரசாரம் செய்யாத சமயத்துக்குள்ளும் எட்டிப் பார்க்கும் போலிருக்கிறது!

காப்பாற்றியது யார்?

அழைக்காமலே 5,000 பேர் வந்தார்கள் என்பது இனிப்பான செய்திதான். ஆனால் அவர்கள் வந்து சேர ஒரு வழி மிஞ்சியிருந்தது எப்படி? ஓடின், தோர் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி, 13ஆம் நூற்றாண்டில் ஸ்னோரி ஸ்டுர்லுசன் போன்றவர்கள் எழுதி வைத்ததால் தெரிந்தது. ஸ்னோரி ஒரு கிறிஸ்துவர். முன்னோரின் கவிதைக் கலை அழிந்துவிடக்கூடாது என்ற அக்கறையில், தாம் நம்பாத தெய்வங்களின் கதைகளையும் எழுதினார். அவர் எழுதாமல் விட்டிருந்தால், 1972இல் அந்தப் பண்ணைக்காரர் கையில் அதிகம் மிஞ்சியிருக்காது.

வெளியே போய் ஆள் சேர்க்காத சமயத்துக்கு வீட்டுக்குள் வேலை அதிகம். பாட்டி சொன்ன கதையைப் பேரப்பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். சடங்குக்கு அர்த்தம் கேட்டால் பொறுமையாக விளக்க வேண்டும். “நாங்கள் யாரையும் மதம் மாற்றுவதில்லை” என்று பெருமையாகச் சொல்லும் குடும்பங்கள் நம்மிடையேயும் நிறைய உண்டு. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் நம் பிள்ளை, “இதை ஏன் செய்கிறோம்?” என்று கேட்கும்போது, “அப்படித்தான், செய்” என்று முடித்துவிடுகிறோமா? எல்லாருக்கும் ஒரு ஸ்னோரி கிடைப்பார் என்று சொல்ல முடியாது.