"ஊர் சுத்துறதுக்கும் ஒரு படிப்பா?"



பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் குழுக் கூட்டம் நடந்தால், சேமிப்பு, உள்கடன் எல்லாம் பேசி முடித்த பிறகு கட்டாயம் ஒரு பேச்சு வரும். "எம் பொண்ணு டூரிசம் படிக்கணுங்குறா. ஊர் சுத்துறதுக்கும் ஒரு படிப்பா அக்கா?" பக்கத்தில் இருப்பவர், "என் பையன் பி.பி.ஏ.ங்குறான். வியாபாரம் பண்ணப் படிக்கணுமா என்ன?" என்பார். எல்லோரும் சிரிப்போம். ஆனால் அந்த அம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வராது. கட்டணம் கட்டக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருக்கும்.

நம் வீடுகளில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் இவர்கள். அவர்களுக்கு வழிகாட்ட வீட்டில் படித்தவர் யாரும் இல்லை. அதனால் நாமே கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

இது என்ன படிப்பு?

வெளியூர்க்காரர் ஒருவர் சென்னைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். காலையில் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில், பிறகு சாந்தோம் தேவாலயம். மதியம் சாப்பாடு. அப்புறம் தி.நகரில் பட்டுப்புடவை. சாயந்திரம் அடையாறு பக்கம் பிரம்மஞான சபைத் தோட்டம். மறுநாள் மாமல்லபுரம். 1984-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த ஊர் அது.

இந்த இரண்டு நாளில் ஆட்டோக்காரர், பூக்காரம்மா, ஓட்டல், ஜவுளிக்கடை, தங்கும் விடுதி, வழிகாட்டி என்று எத்தனை பேர் கைக்குக் காசு போகிறது பாருங்கள்! வருகிறவருக்கு இதையெல்லாம் ஏற்பாடு செய்து, கணக்குப் போட்டு, குறை இல்லாமல் அனுப்பி வைப்பதுதான் சுற்றுலாப் படிப்பு. எந்தப் பொருளுக்கு என்ன அடக்கவிலை, எவ்வளவு லாபம், யார் வாங்குவார்கள் என்று கணக்குப் பார்ப்பது பி.பி.ஏ. போன்ற வணிகப் படிப்பு. கடனுக்கு முன் நம் குழுவில் தொழில் திட்டம் எழுதுகிறோமே, அதன் பெரிய வடிவம்.

இட்லிக் கடை அம்மாவின் மகன்

சென்னை மடிப்பாக்கத்தில் குடிசைப் பகுதியில் வளர்ந்தவர் சரத்பாபு. ஐந்து பிள்ளைகளையும் அவர் அம்மா தனியாகவே வளர்த்தார். சத்துணவுக் கூடத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளம். அது போதாது என்று இட்லி சுட்டு விற்றார். மகன் நன்றாகப் படித்து, ராஜஸ்தானில் உள்ள பிலானி பிட்ஸ் கல்லூரியில் பொறியியல் இடம் பெற்றார். பணம்? அக்காவின் நகையை அடகு வைத்துத்தான் முதலில் கட்டணம் கட்டினார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நாம் கவனிக்க வேண்டும். உதவித்தொகை இருப்பதை அந்த அம்மாவே விசாரித்துத் தெரிந்துகொண்டு, விண்ணப்பத்தை மகனுக்கு அனுப்பினார். சமூகநலத் துறை மூலம் உதவித்தொகை கிடைத்தது. நகை மீண்டது.

மகன் படித்து முடித்து, வேலைக்குப் போய், வீட்டுக் கடனை அடைத்தார். பிறகு அகமதாபாத் ஐ.ஐ.எம்.-இல் வணிக மேலாண்மை படித்தார். 2006-இல் படிப்பை முடித்ததும் பெரிய சம்பள வேலையைத் தேடிப் போகவில்லை. 'ஃபுட்கிங்' என்ற உணவு வழங்கும் தொழிலைத் தொடங்கினார். ஆரம்பத்தில் நஷ்டம்தான். விடாமல் நடத்தினார். 2009-இல் மயிலாப்பூர், தி.நகர் எல்லாம் அடங்கிய தென்சென்னை நாடாளுமன்றத் தொகுதியில் சுயேச்சையாகவும் நின்றார். ஜெயிக்கவில்லை. ஆனால் இட்லி விற்ற அம்மாவின் மகன் என்று ஊரே தெரிந்துகொண்டது.

சேரும் முன் கேட்க வேண்டியவை

1. முதல் பட்டதாரிச் சான்று: தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப் பிறந்தவர் யாருமே பட்டம் பெறாத வீட்டில் ஒரு பிள்ளைக்கு வருவாய்த் துறை தரும் சான்று இது. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனால் 2010-இல் வந்த கட்டணச் சலுகை, கவுன்சிலிங் மூலம் சேரும் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கு உரியது. டூரிசம், பி.பி.ஏ.வுக்கும் கிடைக்கும் என்று நம்பி ஏமாற வேண்டாம்.

2. புதுமைப் பெண்: 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு, கல்லூரிப் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் என்று 2022-இல் தொடங்கிய திட்டம். இதற்கும், பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நல உதவித்தொகைக்கும் இந்த ஆண்டு விதி என்ன என்று கல்லூரி அலுவலகத்திலேயே கேளுங்கள். வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில் இருக்கட்டும்.

3. சுயநிதிப் பிரிவா?: ஒரே கல்லூரியில் அரசு உதவி பெறும் பிரிவும் இருக்கும், சுயநிதிப் பிரிவும் இருக்கும். கட்டணம் மிகவும் வித்தியாசப்படும். பெயரை மட்டும் பார்த்துச் சேர்க்காதீர்கள்.

4. நுழைவுத் தேர்வு: அடையாறை அடுத்த தரமணியில் மத்திய அரசின் ஓட்டல் மேலாண்மைக் கல்லூரி இருக்கிறது. அகில இந்தியத் தேர்வு எழுதித்தான் சேர வேண்டும். தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். ஆகவே பிளஸ் ஒன்னிலேயே தயாராக வேண்டும்.

5. கல்விக் கடன்: 4 லட்சம் வரை வங்கிகள் சொத்து ஜாமீன் கேட்பதில்லை. பெற்றோர் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்டத் தேவையில்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். மறக்க வேண்டாம்.

ஒரு கணக்கு: 40,000 ரூபாயை மூணு வட்டிக்கு வாங்கினால் மாதம் 1,200, வருஷம் 14,400 ரூபாய் வட்டி மட்டுமே. மூன்று வருஷத்தில் வட்டியே அசலைத் தாண்டிவிடும். நகையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடும் முன் குழுவில் கேளுங்கள், வங்கியில் கேளுங்கள்.

சேர்ந்த பிறகு

முதல் ஆறு மாதம்தான் கஷ்டம். பாடம் ஆங்கிலத்தில். கூடப் படிப்பவர் பேச்சும் உடையும் வேறு. பிள்ளை போனில், "எனக்கு ஒத்து வராதும்மா, வந்துடறேன்" என்று அழலாம். "சரி, வந்துடு" என்று உடனே சொல்லிவிடாதீர்கள். "படிக்கலைன்னா மானம் போயிடும்" என்று மிரட்டவும் வேண்டாம். என்ன பாடம் புரியவில்லை, எந்த ஆசிரியரிடம் கேட்கலாம் என்று பொறுமையாகக் கேளுங்கள். நமக்குப் பாடம் தெரியாவிட்டாலும் கேட்கத் தெரியுமே! நாமும் முதல் தடவை பேங்குக்குப் போனபோது கை நடுங்கித்தானே கையெழுத்துப் போட்டோம்?

அடுத்த கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளின் பட்டியலை எடுங்கள். சாதி, வருமானச் சான்றிதழ்களை இப்போதே வாங்கி வையுங்கள். நகை பெட்டியிலேயே இருக்கட்டும், பிள்ளை கல்லூரிக்குப் போகட்டும்.