ஐந்து நாளா, ஏழரை வாரமா?

முதிய ஆண்கள் தம் வீட்டாரிடமும் சொல்லக் கூசும் நோய்களுள் ஒன்று புராஸ்டேட் புற்றுநோய். சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சூழ்ந்து அமைந்த சிறிய சுரப்பி அது. நோய் அச்சுரப்பியைத் தாண்டுமுன் கண்டறியப்பட்டால், பலருக்கு அறுவையின்றிக் கதிர்வீச்சினாலேயே குணம் கிட்டுகிறது, அல்ஹம்துலில்லாஹ். எந்த முறையைத் தேர்வது என்பதில்தான் குடும்பங்கள் தடுமாறுகின்றன.

பழைய முறையில் வாரத்திற்கு ஐந்து நாள் வீதம் ஏறத்தாழ ஏழரை வாரம், 37 தடவை கதிர் பாய்ச்சுவர். வெளியூர் நோயாளிக்கு இது எவ்வளவு பெரும் சுமை! பிரிட்டனில் 2002 முதல் 2011 வரை 3,216 பேரைச் சேர்த்து நடந்த 'சிப்' ஆய்வு, ஒவ்வொரு தடவையும் அளவைக் கூட்டி 20 தடவைகளில், நான்கே வாரத்தில் முடிப்பதை அதனோடு ஒப்பிட்டது. 2016இல் வெளியான முடிவில் குறுகிய முறை பின்தங்கவில்லை.

பின்னர் 'பேஸ்' ஆய்வு ஐந்தே தடவைகளைச் சோதித்தது. நோய் தீவிரமடையாத 874 பேர் அதில் பங்கேற்றனர். 2024இல் வெளியான முடிவின்படி, ஐந்தாண்டுகளுக்குப் பின் நோய் மீளாதிருந்தோர் ஐந்து தடவை முறையில் நூற்றுக்கு 95.8, நீண்ட முறையில் 94.6. ஆயினும் மருத்துவம் தேவைப்படும் அளவிலான சிறுநீர்த் தொல்லை முன்னவருள் நூற்றுக்கு 27 பேருக்கும், பின்னவருள் 18 பேருக்கும் நேர்ந்தது. இதை மறைத்து, "ஐந்து நாளில் முடிந்துவிடும்" என்று மட்டும் கூறுவது முறையன்று. ஏற்கெனவே சிறுநீர் கழிக்கச் சிரமப்படுபவர் இதனை மருத்துவரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

சிறுநீர் அடங்காமல் கசிகிறதே, தொழுகை கூடுமா என்று சிலர் மனம் குமைவதுண்டு. தாராளமாகக் கூடும். சுத்தம் செய்து, கசிவு வெளியே படாதவாறு கட்டிக்கொண்டு, நேரம் வந்தபின் உளூச் செய்து தொழலாம். ஷாஃபிஈ மத்ஹபில் ஒவ்வொரு பர்ளுக்கும், ஹனஃபி மத்ஹபில் ஒவ்வொரு வக்துக்கும் உளூவைப் புதுப்பிக்க வேண்டும்.

ரமழானையும் எண்ணிப் பாருங்கள். கதிர் பாய்ச்சுமுன் தண்ணீர் பருகிச் சிறுநீர்ப்பையை நிரப்பிவரும்படி பல மருத்துவமனைகளில் கூறுவர். நிரம்பிய பை குடலைக் கதிரின் பாதையிலிருந்து விலக்கி வைக்கும். நோயாளி அந்நோன்புகளை விட்டுப் பின்னர் களாச் செய்ய மார்க்கம் அனுமதிக்கிறது. இந்நோய் பெரும்பாலும் மெல்ல வளர்வது. ஆகவே பெருநாள் கழித்துத் தொடங்கலாமா என்று மருத்துவரைக் கேட்பதிலும் பிழையில்லை.

வெளியிலிருந்து கதிர் பெற்றவர் உடலில் கதிரியக்கம் எஞ்சுவதில்லை. ஜமாஅத்தில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கலாம், பேரப்பிள்ளைகளைக் கொஞ்சலாம். சுரப்பிக்குள் அரிசி போன்ற அயோடின் மணிகளை நிலையாகப் பதித்துக்கொண்டவருக்கு மட்டுமே கட்டுப்பாடு உண்டு. அம்மணிகளின் வீரியம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 60 நாட்களாகும். மருத்துவர் குறிப்பிடும் காலம் வரை அவர் குழந்தைகளை நெடுநேரம் மடியில் வைத்திருப்பதையும், கர்ப்பிணிகளை ஒட்டி அமர்வதையும் தவிர்க்க வேண்டும்.