ஒரு நகருக்கு இரண்டு நிலையங்கள் ஏன்?

சென்னையிலிருந்து கோவைக்குச் செல்பவர் சென்ட்ரல் நிலையத்தில் ரயில் ஏறுகிறார். மதுரைக்குச் செல்பவரோ பெரும்பாலும் எழும்பூரில் ஏறுகிறார். இரண்டு நிலையங்களுக்கும் இடையே ஏறக்குறைய 2 கிலோமீட்டர்தான். பிறகு எதற்கு இரண்டு? விடை தண்டவாளங்களின் இடைவெளியில் இருக்கிறது.

1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணி ரயிலை ஓட்டிய சென்னை ரயில்வே கம்பெனி, அகலப்பாதையை அமைத்தது. அதில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே 1676 மில்லிமீட்டர். கோவைப் பாதையும் அக்கம்பெனியுடையதே. அதன் நிலையமான சென்ட்ரல் 1873-இல் திறக்கப்பட்டது. செங்கற்பட்டு, விழுப்புரம் வழியாகத் தெற்கே சென்ற தென்னிந்திய ரயில்வேயோ மீட்டர் பாதையை, அதாவது 1000 மில்லிமீட்டர் இடைவெளியைக் கொண்டது. அதற்காக 1908-இல் எழும்பூர் நிலையம் திறக்கப்பட்டது.

இடைவெளி குறைந்தால் குறுக்குக் கட்டைகள் சிறியவையாகும். வளைவுகளையும் சற்றுக் கூர்மையாக அமைக்கலாம். எனவே செலவு குறையும். ஆனால், காலை அகட்டி நிற்பவரைத் தள்ளுவது கடினமல்லவா? அதுபோல அகலப்பாதை வண்டி எளிதில் சாயாது. மிகுந்த பாரத்தை வேகமாகக் கொண்டு செல்லும்.

676 மில்லிமீட்டர் வேறுபாடு எவ்வளவு தொல்லை தந்தது தெரியுமா? டில்லியிலிருந்து மதுரைக்குச் செல்பவர் சென்ட்ரலில் இறங்கி, மூட்டை முடிச்சுகளுடன் எழும்பூருக்குப் போய் வேறு வண்டி ஏற வேண்டியிருந்தது. சரக்குகளையும் இறக்கி, மீண்டும் ஏற்ற வேண்டும்.

1990-களில் தெற்குப் பாதைகள் படிப்படியாக அகலப்பாதைகளாயின. 2004-இல் கடற்கரை–தாம்பரம் மீட்டர் பாதை மின்வண்டிகளும் நின்றன. இனி எல்லா வண்டிகளையும் சென்ட்ரலுக்கே விடலாமே என்று கேட்பீர்கள்.

இங்கே நிலையத்தின் அமைப்பு குறுக்கிடுகிறது. சென்ட்ரல் ஒரு முட்டுச்சந்து போன்றது. வடக்கே கூடூரிலிருந்தும் மேற்கே அரக்கோணத்திலிருந்தும் வரும் பாதைகள் பேசின் பிரிட்ஜில் கூடி, சென்ட்ரலில் முடிந்துவிடுகின்றன. உள்ளே வந்த வண்டி மேலே செல்ல வேண்டுமானால், பின்முனையில் வேறு இஞ்சினை மாட்டி வந்த வழியே திரும்ப வேண்டும். அதனால்தான் சென்னையைக் கடந்து செல்லும் சில வண்டிகள் சென்ட்ரலுக்குள் நுழையாமல் பெரம்பூரில் நின்று போகின்றன. எழும்பூரோ இருபுறமும் வழியுள்ள நிலையம். தெற்கிலிருந்து வரும் வண்டி அங்கு நின்று, கடற்கரை நிலையம் வழியாக நேரே வடக்குப் பாதையைப் பிடிக்கலாம்.

2018 முதல் இவ்விரு நிலையங்களையும் மெட்ரோ ரயில் பூமிக்கடியில் இணைக்கிறது. மூட்டை சுமந்து தெருவில் அலைந்த தொல்லை குறைந்துவிட்டது. சென்ட்ரலுக்குச் சென்றால், நடைமேடையின் கோடியில் தண்டவாளம் முடியும் இடத்தைப் பாருங்கள். எழும்பூரில் அப்படி ஓர் இடம் எல்லாப் பாதைகளிலும் உண்டா என்று நீங்களே ஆராயுங்கள்.