பந்தய நாய் கயிறின்றி நடக்குமா?

நாய் இனங்களுள் மிக வேகமாக ஓடக்கூடியது கிரேஹவுண்டு. மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பாயும் இந்த நாயைக் கொண்டு பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் பந்தயங்கள் நடத்தி வந்திருக்கிறார்கள். பந்தய நாய் பெரும்பாலும் நான்கைந்து வயதிற்குள் ஓய்வு பெற்றுவிடும். அதன் ஆயுளோ ஏறத்தாழ 12 ஆண்டுகள். எஞ்சிய காலத்தை அது எங்கே கழிப்பது? இத்தகைய நாய்களுக்கு வீடு தேடித் தருவதற்கென்றே பிரிட்டனில் 1975ஆம் ஆண்டில் ஓர் அறநிலையம் தொடங்கப்பட்டது. இன்று பல நாடுகளில் இது போன்ற அமைப்புகள் இயங்குகின்றன.

வீட்டிற்கு வந்த நாயைப் புல்வெளியில் கயிற்றை அவிழ்த்துவிட்டு, தாமும் அதனுடன் உலவ வேண்டும் என்று வளர்ப்பவர் ஆசைப்படுவது இயல்பே. லாப்ரடார் போன்ற நாய்களை அப்படித்தான் பழக்குகிறார்கள். கிரேஹவுண்டையும் அவ்வாறு பழக்க முடியுமா? இதற்கு விடை காண, அதன் கண், கால், பழக்கம் ஆகிய மூன்றையும் முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

கண்ணால் வேட்டையாடும் நாய்

பல வேட்டை நாய்கள் மோப்பம் பிடித்து இரையைத் தேடுகின்றன. கிரேஹவுண்டு கண்ணால் பார்த்துத் துரத்தும் வகையைச் சேர்ந்தது. நம் ஊர்ச் சிப்பிப்பாறை, கன்னி நாய்களும் இவ்வகையினவே.

நம் கண்ணின் விழித்திரையில் கூர்மையான பார்வைக்குரிய செல்கள் நடுவில் ஒரு சிறு புள்ளியில் நெருங்கியிருக்கின்றன. நீண்ட முகமுள்ள நாய்களிலோ, செய்தியை மூளைக்கு அனுப்பும் நரம்புச் செல்கள் ஒரு கிடைக்கோட்டுப் பட்டையாகப் பரவியுள்ளன. முகம் நீள நீள இந்தப் பட்டை தெளிவாக அமைகிறது என்பதை ஆஸ்திரேலியாவின் சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆகவே அடிவானத்தை ஒட்டி எங்கேனும் ஒன்று அசைந்தால் இந்த நாய்க்கு அது எளிதில் புலப்படுகிறது. நம் கண்ணில் படுவதற்கு முன்பே முயல் அதன் கண்ணில் பட்டுவிடும்.

நொடிக்கு 17 மீட்டர்

கிரேஹவுண்டு பாய்ந்தோடும்போது, ஒவ்வொரு பாய்ச்சலிலும் இரண்டு முறை நான்கு கால்களும் தரையை விட்டு எழுகின்றன. கால்கள் உடலுக்கடியில் மடங்கிச் சேரும்போது ஒரு முறை. முன்னும் பின்னுமாக நீளும்போது மறுமுறை. வில்லைப் போல் முதுகெலும்பு வளைந்து நிமிர்வதால் ஒவ்வோர் எட்டும் நீள்கிறது.

இப்போது ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 61 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர். முழு வேகத்தில் ஓடும் நாயைக் கண்டு நாம் திடுக்கிட்டு, பெயர் சொல்லி அழைப்பதற்கு இரண்டு நொடி ஆகுமானால், அதற்குள் அது 34 மீட்டர் கடந்திருக்கும். நூறு மீட்டர் தொலைவிலுள்ள சாலையை அடைய அதற்கு ஆறு நொடியே போதும். முயலை நோக்கும் நாய் வண்டியை நோக்காது. வேறொரு நாய் செய்யும் சிறு பிழையும் கிரேஹவுண்டுக்கு உயிரிழப்பில் முடியக் காரணம் இதுவே.

பொய் முயல் கற்றுத்தந்த பாடம்

அமெரிக்காவில் ஓவன் பாட்ரிக் ஸ்மித் என்பவர், இயந்திரத்தால் இழுக்கப்படும் பொய் முயலை உருவாக்கி, 1919ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாநிலத்து எமரிவில்லில் வட்டப் பாதைப் பந்தயத்தைத் தொடங்கினார். 1926 ஜூலையில் இது மான்செஸ்டர் நகரின் பெல் வியூ மைதானத்திற்கு வந்து, பிரிட்டன் முழுவதும் பரவியது.

அசைவதைத் துரத்த வேண்டும் என்பதே பந்தய நாய் குட்டியிலிருந்து கற்கும் பாடம். துரத்தும்போது எவரும் அதைத் திரும்ப அழைத்ததில்லை. கொட்டிலில் தன் இனத்துடனே வளர்ந்ததால் மாடிப்படி, கண்ணாடிக் கதவு, சிறு சாதி நாய்கள் எல்லாமே அதற்குப் புதியவை. எனவே அழைத்தால் வராத நாயைப் பிடிவாதம் பிடித்தது என்று கூறுவது தவறு. அந்தப் பாடம் அதற்கு இன்னும் நடத்தப்படவில்லை, அவ்வளவுதான்.

பயிற்சி எப்படி?

மணியோசையும் உணவும் சேர்ந்து வந்தால், பின்னர் மணியோசை கேட்டதுமே நாய்க்கு உமிழ்நீர் சுரக்கும் என்ற செய்தியைப் பாடநூலில் படித்திருப்பீர்கள். ரஷ்ய அறிஞர் பாவ்லவ் விளக்கிய இந்த உண்மையே இங்கும் அடிப்படை.

முதலில், நாய் இதுவரை கேட்டறியாத ஒரு விசில் ஒலியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வீட்டிற்குள் விசிலை ஊதியவுடன் ஒரு துண்டுக் கோழிக்கறி தரவேண்டும். சில நாட்களில் விசில் கேட்டாலே நாய் ஓடிவரும். பின்பு இதையே தோட்டத்திலும், அதன்பின் அமைதியான வெளியிடத்திலும் செய்ய வேண்டும். ஓரிடத்தில் கற்றதை நாய் வேறிடத்தில் தானாகப் பொருத்திக் கொள்வதில்லை. ஆகவே ஒவ்வோர் இடத்திலும் பாடத்தைத் தொடக்கத்திலிருந்தே நடத்துவது நல்லது.

வெளியிடத்தில் பத்து மீட்டர் நீளமுள்ள கயிறு உதவும். ஆனால் அதைக் கழுத்துப்பட்டையில் கட்டலாகாது. மார்பைச் சுற்றி அணிவிக்கும் வாரில்தான் கட்ட வேண்டும். 30 கிலோ எடையுள்ள நாய் கயிற்றின் முடிவை எட்டும்போது நொடிக்கு 10 மீட்டர் வேகம் பெற்றிருந்தால், அதன் இயக்க ஆற்றல் 1500 ஜூல். 50 கிலோ எடையுள்ள ஒருவர் மூன்று மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு இது ஏறத்தாழச் சமம். அந்த அதிர்ச்சியைக் கழுத்து தாங்காது. நாம் நாயின் அருகிலேயே நடந்து, கயிறு இறுகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த கட்டம், உயரமான வேலி சூழ்ந்த மைதானம். இங்கேதான் முதன்முதலில் கயிற்றை அவிழ்க்க வேண்டும். நாய் ஓடி விளையாடும்போது இடையிடையே அழைத்து, உணவு தந்து, மீண்டும் ஓடவிட வேண்டும். வீட்டிற்குப் புறப்படும்போது மட்டுமே அழைத்தால், விசில் என்றாலே விளையாட்டு முடிந்தது என்று நாய் புரிந்துகொள்ளும். பின்னர் அருகே வராது. தாமதமாக வந்தாலும் அடிக்கவோ திட்டவோ கூடாது. வந்ததற்குத்தான் தண்டனை என்று அது எண்ணிக்கொள்ளும்.

எப்போது அவிழ்க்கலாம்?

எல்லா நாய்களும் ஒன்றல்ல. சில துரத்துவதில் நாட்டமின்றி வளர்ப்பவருக்குப் பின்னாலேயே நடக்கும். சிலவற்றை எத்தனை ஆண்டுகள் பழக்கினாலும், முயலைக் கண்டால் காது கேளாதவை போலாகிவிடும். துரத்துவதே அவற்றுக்குப் பெரும் இன்பம். அதற்குக் கோழிக்கறி ஈடாகாது. எனவே சாலையோரத்திலும் ஆடு மேயும் இடத்திலும் நன்கு பழகிய நாயையும் கயிற்றிலேயே வைத்திருக்க வேண்டும். மேய்ச்சல் நிலத்தில் ஆடுமாடுகளை நாய் துரத்துவதை அதன் உரிமையாளரின் குற்றமாக பிரிட்டனின் 1953ஆம் ஆண்டுச் சட்டம் கருதுகிறது. அயர்லாந்திலோ, 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி கிரேஹவுண்டைப் பொது இடத்தில் கயிற்றுடன்தான் கொண்டு செல்ல வேண்டும்.

இதனால் நாய்க்கு இழப்பு உண்டா? இல்லை. கிரேஹவுண்டு குறுந்தொலைவு ஓட்டக்காரன். பந்தயமே அரை நிமிட அளவில் முடிந்துவிடும்; நாளின் பெரும்பகுதியை அது உறங்கியே கழிக்கும். வேலியிட்ட மைதானத்தில் சில நிமிட ஓட்டமும், கயிற்றுடன் தினமும் இருவேளை நடையும் அதற்குப் போதும். விசில் பயிற்சியும் வீண்போகாது. என்றேனும் ஒருநாள் வாசற்கதவு திறந்து கிடந்து நாய் வெளியே பாய்ந்துவிட்டால், அதை வீட்டிற்குத் திருப்பும் ஒலி அதுவாகவே இருக்கக்கூடும்.