அப்புச்சியின் தடியும் ஏழு மலையும்

எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு மூங்கில் தடி சாத்தியிருக்கிறது. அம்மாவின் அப்பாவான அப்புச்சியினுடையது. கோவை அருகே வெள்ளியங்கிரி மலை அடிவாரத்தில் வாங்கியபோது அவர் தோள் உயரம் இருந்ததாம். வருஷா வருஷம் ஏறி இறங்கியதில் அடி தேய்ந்தது, பிளந்தது. பிளந்த இடத்தில் கம்பி சுற்றினார். அந்தக் கம்பியும் தேய்ந்தது. இப்போது நெஞ்சு உயரம்தான் இருக்கிறது. இந்த மார்ச் மாதம், அதை எடுத்துக்கொண்டு வெள்ளியங்கிரியின் ஏழு மலையும் ஒரே பகலில் தனியாக ஏறி இறங்குவது என்று கிளம்பினேன். எனக்கு வயது 53.

நான் முதன்முதலில் ஏறியது 1994 சித்திரைப் பௌர்ணமிக்கு. அப்புச்சி, மாமா, ஊர்க்காரர்கள் என்று ஏழு பேர். தூக்குப்போசியில் புளிச்சோறு, மஞ்சள் பையில் அவலும் பொரிகடலையும் வெல்லமும். தண்ணீருக்குச் சுனைதான். ஏழு பேருக்கும் சேர்த்து டார்ச் லைட் இரண்டு.

இரண்டே லைட் இருந்ததால் ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் வெளிச்சம் பிடிக்க, மற்ற ஐந்து பேரும் நடுவில் நடக்க வேண்டியிருந்தது. யாரும் முந்த முடியாது, யாரும் பின்தங்கவும் முடியாது. கூட்டத்தில் யார் மெதுவாக நடக்கிறாரோ அவருடைய நடைதான் எல்லோருடைய நடை. அன்றைக்கு அது அப்புச்சியின் நடை. 22 வயதில் எனக்கு அது பொறுக்கவே இல்லை. இப்போதுதான் அதன் அருமை தெரிகிறது.

வழியில் அவர் நிற்கிற இடங்களும் கணக்காக இருந்தன. முதல் மலை முடிகிற இடத்தில் வெள்ளை விநாயகர் கோயில், பிறகு பாம்பாட்டி சுனை, கைதட்டி சுனை, ஒட்டன் சமாதி, பீமன் களியுருண்டை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை வைத்திருந்தார். வனவாசத்தில் பீமன் களி உருண்டை பிடித்ததை அவர் சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆகும். கதை முடியும்வரை எழுந்திருக்க முடியாது. அதற்குள் மூச்சு தணிந்து, வியர்வை அடங்கி, கால் மறுபடி நடக்கத் தயாராகிவிடும். கதையென்று நான் கேட்டுக்கொண்டிருந்தது ஓய்வுக்கான ஏற்பாடு என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

இந்த முறை பூண்டி அடிவாரத்தில் விடியுமுன்பே வரிசை. வனத்துறையினர் பையைத் திறந்து பார்த்தார்கள். தண்ணீர் பாட்டிலில் ஒரு வில்லை ஒட்டி 20 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். பாட்டிலைத் திரும்பக் கொண்டுவந்து காட்டினால் பணம் கிடைக்கும். இதை நான் மனதார வரவேற்கிறேன். இடையில் சில வருஷங்கள் இந்தப் பாதையோரம் பாட்டிலும் உறையுமாகக் கிடந்ததைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறேன். யானை நடமாடும் காடு, நொய்யல் பிறக்கும் மலை. இதில் ஒரு உறையைக்கூட எறிய யாருக்கும் உரிமை கிடையாது.

"தனியாவா வந்தீங்க? கூட்டத்தோட சேர்ந்து போயிருங்க" என்றார் சோதனை செய்தவர். தலையாட்டினேன். ஆனால் சேர்ந்து போவதற்குக் கூட்டம் எங்கே இருக்கிறது? ஆள் ஏராளம். ஒவ்வொருவர் கையிலும் ஒரு லைட், ஒவ்வொருவரும் அவரவர் வேகத்தில். நான்கு நண்பர்களாக வந்தவர்கள் முதல் மலையிலேயே நான்கு தனி ஆட்களாகப் பிரிந்து போவதைப் பார்த்தேன். காதில் பாட்டு, மணிக்கட்டில் எத்தனை அடி நடந்தோம் என்று சொல்லும் கடிகாரம். அன்று தனியாக வந்தவரும் கூட்டத்தோடு ஏறினார். இன்று கூட்டமாக வந்தவரும் தனியாகத்தான் ஏறுகிறார்.

முதல் மலையின் கரடுமுரடான கல்படிகள்தான் ஆளை முதலில் சோதிப்பவை. அதிலேயே ஒரு திருப்பத்தில் அந்தப் பையனைப் பார்த்தேன். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். பாறையில் சாய்ந்து, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். நெற்றி சில்லென்று வியர்த்திருந்தது. கடந்து போனவர்கள் களைப்பு என்று நினைத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். நானும் இரண்டு படி தாண்டிவிட்டுத்தான் திரும்பினேன்.

"சாப்பிட்டீங்களா தம்பி?"

"இல்லீங்ணா. நைட் ஷிப்ட் முடிச்சு அப்படியே வண்டி எடுத்துட்டு வந்துட்டோம்."

"கூட வந்தவங்க?"

"மேல போயிட்டாங்க. போன் எடுக்க மாட்டேங்குது."

திருப்பூரிலிருந்து தூங்காமல் பைக்கில் வந்தவன். வெறும் வயிறு. வெல்லமும், உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரும் கொடுத்து அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முகத்தில் ரத்தம் வந்தது. ஆனாலும் மேலே போக வேண்டாம் என்றேன். அவன் கண் கலங்கிவிட்டது. இறங்கி வந்துகொண்டிருந்த நான்கு பேரை நிறுத்தி, "இவரைக் கீழ சேர்த்துடுங்க சாமி" என்றேன். ஒருவர் ஒரு வார்த்தை கேட்காமல் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். மலையில் முகம் தெரியாதவரையும் சாமி என்று கூப்பிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த ஒரு சொல்லுக்கு ஆள் இன்னும் நிற்கிறார்.

அந்தப் பையனைத் திருப்பி அனுப்பியதை மிகை என்று நினைக்க வேண்டாம். 2024 மார்ச்சில் அடுத்தடுத்து மூன்று பேர் இந்த மலையில் இறந்தார்கள். வயதானவர் மட்டுமல்ல, நடுவயதினரும் அதில் உண்டு. இதய நோய், மூச்சுத் திணறல், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை திரும்பத் திரும்பச் சொல்கிறது. மேலே ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் டோலி கட்டித் தோளில் சுமந்துதான் இறக்க வேண்டும். அன்றும் அதுதான் வழி, இன்றும் அதுதான் வழி.

மலை மாறவில்லை. போக ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர், ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம், அவ்வளவையும் அன்றே இறங்க வேண்டும். மாறியது ஏறுகிறவரின் உடம்பு. அப்புச்சி தினமும் தோட்டத்துக்கு நடந்தவர். ஏறுவதற்கு முன் ஒரு மாதம் விரதம் இருந்து, வயிற்றையும் தூக்கத்தையும் ஒழுங்குக்குக் கொண்டுவருவார். நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் நான், அதற்கு ஈடாக மூன்று மாதம் அதிகாலையில் மருதமலைப் படிகளில் ஏறி இறங்கிப் பழகினேன். பழகியும் நாலாவது மலையின் சமதரை வந்தபோதுதான் எனக்கு உயிர் வந்தது.

ஆறாவது மலையில் ஆண்டி சுனை. வெயில் ஏறிய பிறகும் அந்தத் தண்ணீர் எலும்பைத் தொட்டது. குளித்து, ஈரத் துண்டோடு ஏழாவது மலையின் செங்குத்தைப் பிடித்து ஏறினேன். மரங்கள் தீர்ந்து புல்வெளி. காற்று ஆளைத் தள்ளுகிறது. ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்த பெரும்பாறைகளுக்கு உள்ளே சுயம்பு லிங்கம். தடியைப் பாறையில் சாத்திவிட்டு நெடுநேரம் நின்றேன். அப்புச்சி இதே இடத்தில் என் நெற்றியில் திருநீறு பூசியது நினைவுக்கு வந்தது. அழுதேன்.

இறக்கத்தில்தான் அந்தத் தடி தன் வேலையைக் காட்டியது. ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது உடம்பின் கனம் முழுவதும் முட்டியில் விழும். முதல் மலைப் படிகளில் தொடை நடுங்க, ஒவ்வொரு படிக்கும் தடியை முன்னால் ஊன்றி இறங்கினேன். சாயங்காலம் ஐந்தரைக்கு அடிவாரம். பாட்டிலைக் காட்டி 20 ரூபாயை வாங்கிக்கொண்டேன். திருப்பூர்ப் பையன் அங்கே இட்லி சாப்பிட்டுவிட்டு நண்பர்களுக்காகக் காத்திருந்தான்.

தனியாக ஏறுவது தவறில்லை. மூன்று மாதம் கால்களைப் பழக்குங்கள், முந்தின ராத்திரி தூங்குங்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். வழியில் யாராவது தனியாக உட்கார்ந்திருந்தால் தாண்டிப் போகாதீர்கள். நின்று, "சாப்பிட்டீங்களா சாமி?" என்று கேளுங்கள்.